அண்டாவில் வெந்த கடல் கல்

பயணம் என்றாலே எனக்குக் கலக்கம். பினாங்கில் வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை தாண்டுவதற்குள் அடுப்பை அணைத்தேனா என்று மகனுக்குப் போன் போட்டு நச்சரிக்கிற ஆள் நான். அப்படிப்பட்டவள் தன்னந்தனியாகத் திருநெல்வேலிக்குக் கிளம்பியதற்குக் காரணம் பவளங்கள்.

கடலுக்கடியில் பார்க்கிற பவளம் எந்த வகை என்று கண்டுபிடிக்க உதவும் இணையதளம் ஒன்றில், பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தன்னார்வலராகச் சேர்ந்தேன். அந்தத் தளத்துக்கு ஒரு கைபேசிக் கையேடும் உண்டு. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் இல்லாத நடுக்கடலிலும் வேலை செய்யும். அது நம்மிடம் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கும். உடம்பு கல்லா, தோலா? கிளை விடுகிறதா, படர்கிறதா? பதில் சொல்லச் சொல்ல வகைகளைக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒன்றிரண்டு பெயர்களில் நிறுத்தும்.

‘இது தமிழில் வராதா?’ என்று ஒருநாள் மேலப்பாளையத்திலிருந்து ஒருவர் தளத்துக்கு எழுதியிருந்தார். பெயர் மைதீன். வளைகுடா நாடொன்றின் பேரங்காடியில் பெரிய பெரிய மீன்தொட்டிகளைப் பராமரிக்கும் வேலையில் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். இப்போது திருநெல்வேலியில் வீடுகளிலும் கடைகளிலும் மீன்தொட்டி அமைத்துக் கொடுக்கிறார். அவரும் நானும் தொலைபேசியிலேயே கையேட்டைத் தமிழாக்கத் தொடங்கினோம். பாதி வரை ஓடியது. அதற்குமேல் பெயர்களில் தகராறு. நான் அகராதியைப் பிடித்துத் தொங்குவேன். அவர் கண்ணுக்குத் தெரிகிறபடி பெயர் வைக்க வேண்டும் என்பார். நேரில் உட்கார்ந்து பேசினால்தான் முடியும் என்று தோன்றியது.

ஜங்ஷன் பக்கம் விடுதி. முதல் நாள் மதியம் பக்கத்து மெஸ்ஸில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் போட்டார்கள். எங்கள் ஊரில் உளுந்து என்றால் தோசைக்கும் வடைக்கும்தான். அதைத் தோலோடு சோற்றில் போட்டுப் பொங்குவார்கள் என்று எனக்குத் தெரியாது. “நல்லெண்ணெய் ஊத்திச் சாப்பிடுங்கம்மா, இல்லன்னா தொண்டையில நிக்கும்” என்று பரிமாறியவர் எண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். சாப்பிட்டுவிட்டு, பாஸ்போர்ட் பையில் இருக்கிறதா என்று வழக்கம்போல் மூன்று முறை தொட்டுப் பார்த்துவிட்டு, மேலப்பாளையத்துக்கு ஆட்டோ பிடித்தேன்.

மைதீன் தெருமுனைக்கே வந்து நின்றார். ஒல்லியான மனிதர், சிரித்த முகம். அவருடைய மனைவி ஜமீலா என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். மகள் சபீனா பிளஸ் டூ படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா உண்டாம், கையில் எப்போதும் இன்ஹேலர். நெய்ச்சோறும் தாளிச்சாவும் வைத்து, “சாப்பிடுங்கக்கா, என்ன கொறிச்சிக்கிட்டு இருக்கிய” என்று ஜமீலா அதட்டியதில் என் கலக்கம் கொஞ்சம் குறைந்தது.

முன்னறையில் ஆளுயரத்துக்குப் பாதியாக ஒரு கண்ணாடித் தொட்டி. உப்புநீர்த் தொட்டி. உள்ளே மிச்சமிருந்தது ஒரே ஒரு மீனும், தேங்காய் அளவுக்கு ஒரு கடற்பாறைத் துண்டும். அந்தப் பாறையின் மேல் தடித்த தோல்போலப் பழுப்பு நிறத்தில் ஏதோ படர்ந்திருந்தது. அதிலிருந்து சட்டைப் பொத்தான்கள்போல வட்ட வட்டமாக முகங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் குட்டையான விரல்கள். நான் குனிந்து படம் எடுத்துக்கொண்டேன். எங்கள் தமிழ்ப் பதிப்பு இன்னும் அந்தப் பகுதிக்கு வந்திருக்கவில்லை.

“இதுக்கு என்ன பேரு வைக்கலாம்?” என்றேன்.

“பொத்தான் பவளம். பார்த்ததும் சொல்லிரலாம்லா” என்றார் மைதீன். இந்த ஒரு பெயரில் எங்களுக்குத் தகராறு வரவில்லை.

அந்தப் பாறையை அவர் ஒரு மீன் ஆர்வலரிடம் பண்டமாற்றாக வாங்கினாராம். இங்கே கடற்பவளத்தை வீட்டில் வைத்திருப்பதே சட்டப்படி குற்றம் என்று சமீபத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதிலிருந்து ஜமீலாவுக்குத் தூக்கமில்லை. “வனத்துறை ஆளு வந்து வாசல்ல நின்னா தெருவுல தலை காட்ட முடியுமாக்கா? இந்தத் தொட்டிய எடுத்துருங்கன்னு தெனமும் சொல்லுதேன்” என்றார். “நாளைக்கே எடுத்திருதேன், போதுமா?” என்றார் மைதீன்.

மறுநாள் அவருக்கு அந்த வேலை இருந்ததால், பெயர்ப் பஞ்சாயத்தை மாலைக்கு வைத்துக்கொண்டோம். “இவ்வளவு தூரம் வந்துட்டுப் பாபநாசத்துல குளிக்காமப் போவாகளா?” என்று ஜமீலா என்னைத் துரத்தினார்.

காலைப் பேருந்தில் சன்னலோர இடம் கிடைத்தது. இரண்டு பக்கமும் வயல், நடுநடுவே வாழை. மேற்கே மலை நெருங்கி நெருங்கி வந்தது. எங்கள் ஊரிலும் மலை உண்டு, ஆனால் அதன் மேல் ரயில் ஓடும், உணவகம் இருக்கும். இந்த மலை யாரையும் சட்டை பண்ணாமல் நின்றது. அருவியில் பெண்கள் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் தோளில் அடித்த அடியில் மூச்சு முட்டியது. கரையில் வைத்த பையைக் குரங்கு தூக்கிவிடுமோ என்று கண்ணைத் திறந்து திறந்து பார்த்ததில் பாதிக் குளியல் வீண். பக்கத்தில் குளித்த அம்மாள் ஒருவர், “பையைப் பார்க்கவா வந்திய? கண்ணை மூடிட்டுக் குளிங்க” என்றார். கண்ணை மூடினேன். கொஞ்ச நேரம்தான்.

மலையடிவாரத்தில் என் கைபேசியில் சிக்னலே இல்லை. திரும்பும் பேருந்து அம்பாசமுத்திரத்தை நெருங்கும்போதுதான் அது உயிர் பெற்றது. ஜமீலாவிடமிருந்து தவறிய அழைப்புகள். கூப்பிட்டேன்.

“அக்கா, சாயங்காலம் வரச் சொன்னேன்லா, இன்னைக்கு வேண்டாம்க்கா. எங்க மூணு பேருக்கும் முடியல.” குரல் கரகரத்தது.

“என்ன ஆச்சு?”

“காய்ச்சல்தான். குளிருது. கை காலெல்லாம் குடையுது. வாயில இரும்பைச் சப்புனாப்புல ஒரு ருசி. சபீனாதான் ரொம்ப இருமுதா. தெருவுல கிளினிக்குல மாத்திரை கொடுத்திருக்காக. ஊரெல்லாம் காய்ச்சல் நடக்குன்னு சொல்லுதாக.”

மூன்று பேருக்கும் ஒரே நாளில், ஒரே நேரத்தில். எனக்கு அது பிடிக்கவில்லை. “காலையில என்ன செஞ்சீங்க?” என்றேன்.

“ஒண்ணும் செய்யலக்கா. இவுக தொட்டியக் காலி பண்ணுனாக. கல்லுல ஒட்டியிருந்தது சுரண்டச் சுரண்டப் போகல. வென்னியில அவிச்சா கழண்டு வந்துரும்னு பிரியாணி அண்டாவுல போட்டு அடுப்புல வச்சோம். அடுக்களை பூரா ஒரே ஆவி.”

எப்போதோ எங்கள் தன்னார்வலர்களின் உரையாடலில், தொட்டிப் பாறையை வேகவைத்த ஒரு குடும்பம் மருத்துவமனைக்குப் போனதாக ஒருவர் எழுதியிருந்த ஞாபகம். முழுதாக ஞாபகமில்லை. “மறுபடி கூப்பிடுறேன்” என்று வைத்துவிட்டுக் கையேட்டைத் திறந்தேன். பேருந்து குலுங்கியது. விரல் வேறெங்கோ பட்டுப் பட்டுத் தப்பான பக்கம் திறந்தது.

உடம்பு கல்லா, தோலா? தோல். தனித்தனியா, ஒட்டிப் படர்ந்ததா? படர்ந்தது. விரல்கள் எங்கே? ஓரத்தில். கையேடு இரண்டு பெயர்களில் வந்து நின்றது. இரண்டும் உண்மையான பவளங்கள் அல்ல, அவற்றின் உறவினங்கள். பார்வைக்கு அக்கா தங்கை மாதிரி. ஒன்றில் பெரும்பாலும் பயமில்லை. மற்றதன் கீழே சிவப்பெழுத்தில் எச்சரிக்கை: கடும் நஞ்சு இருக்கலாம், சூடாக்கக் கூடாது, சுரண்டக் கூடாது, ஆவியை மூச்சில் இழுத்தால் உயிருக்கு ஆபத்து.

இரண்டில் எது? கடைசிக் கேள்வி அதற்குத்தான். தோலுக்குள் மணல் துகள்கள் பதிந்திருக்கின்றனவா? நேற்று எடுத்த படத்தை விரலால் விரித்தேன். கண்ணாடியில் முன்னறைக் குழல்விளக்கு பளீரென்று விழுந்து பாதியை மறைத்திருந்தது. தப்பாகச் சொல்லிவிட்டால்? அவர்கள் ஒளிக்க நினைத்த ஒரு விஷயத்தைத் தெருவுக்கு இழுத்துவிட்டு, கடைசியில் வெறும் காய்ச்சல் என்றால்? மறுபடி விரித்தேன். ஒரு மூலையில், பொத்தானின் காம்பில், சர்க்கரை தூவியதுபோல வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். மணல்.

ஜமீலாவைக் கூப்பிட்டேன். “வீட்டை விட்டு இப்பவே வெளியே வாங்க. கதவு சன்னல் எல்லாம் திறந்து போடுங்க. அண்டாவைத் தொடாதீங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. கல்லை அவிச்சதை டாக்டர்கிட்டச் சொல்லுங்க.”

அவர் யாரிடமோ பேசுவது கேட்டது. பிறகு மைதீனின் குரல், இழுத்து இழுத்து. “அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போறோம். கல்லு விஷயம் மட்டும் வேண்டாம். எழுதி வச்சிட்டா கேஸ் ஆயிரும்க்கா.”

“தம்பி, உங்க மகளுக்கு ஏற்கெனவே ஆஸ்துமா.”

மறுமுனையில் இருமல். இணைப்பு போய்விட்டது.

வீரவநல்லூர் தாண்டியதும் பேருந்து ஒரு முறை உறுமிவிட்டு ஓரமாக நின்றது. ஓட்டுநர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “வண்டி இனி நகராது. அடுத்த வண்டியில ஏத்தி விடுதேன், பைய இறங்குங்க” என்றார் நடத்துநர். அடுத்த வண்டி எப்போது என்று கேட்டதற்கு, அவர் ரோட்டின் இரண்டு கோடியையும் பார்த்தார்.

நான் ரோட்டின் நடுவுக்கே போய்க் கைகாட்டினேன். என் வாழ்க்கையில் செய்யாத காரியம். வாழைத்தார் ஏற்றிய சிறிய சரக்கு வண்டி ஒன்று நின்றது. நடத்துநர், “குட்டியானை நிக்கு, ஓடுங்க” என்று கத்தினார். ஒரு கணம் நான் நிஜமாகவே யானையைத் தேடினேன்.

ஓட்டுநர் பெயர் சுடலைமுத்து. விஷயத்தைச் சொன்னேன். “தாரு ஒடிஞ்சிரும்னு மெதுவா வந்துக்கிட்டு இருந்தேன்” என்றவர் வேகத்தைக் கூட்டினார். பின்னால் தார்கள் சரசரவென்று உரசும் சத்தம். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. சேரன்மகாதேவி, பத்தமடை என்று ஊர்ப் பலகைகள் ஓடின. ஜமீலாவின் போன் எடுபடவில்லை. பினாங்கில் இப்படி ஒன்று நடந்திருந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். இங்கே எனக்குத் தெரிந்ததே அந்த மூன்று பேர்தான். “ஒண்ணும் ஆகாதும்மா, தண்ணியக் குடிங்க” என்று சுடலைமுத்து தன் பாட்டிலை நீட்டினார்.

ஒருவழியாக ஜமீலா எடுத்தார். பக்கத்து வீட்டு அனிபா தன் ஆட்டோவில் அவர்களைப் பாளையங்கோட்டையில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுவந்துவிட்டாராம். சுடலைமுத்து என்னை அதன் வாசலிலேயே இறக்கிவிட்டார். நன்றி சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

அவசரப் பிரிவில் மூன்று கட்டில்கள் அடுத்தடுத்து. சபீனாவின் முகத்தில் ஆக்சிஜன் முகமூடி. விலா எலும்பு உள்ளிழுத்து உள்ளிழுத்து வெளியே வந்தது. இளம் பெண் மருத்துவர் ஒருவர் மைதீனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பூச்சிமருந்து ஏதாவது அடிச்சீங்களா? பெயின்ட்? அடுப்புல பிளாஸ்டிக் ஏதாவது எரிச்சீங்களா?”

மைதீன் இல்லை என்று தலையசைத்தார். என்னைப் பார்த்ததும் அவர் கண் கெஞ்சியது. அவர் வாய் திறக்காவிட்டால் நான் சொல்லத்தான் போகிறேன். ஆனாலும் தயங்கினேன். அந்த வீட்டில் நேற்று உண்ட சோறு நினைவுக்கு வந்தது.

நடுக்கட்டிலில் ஜமீலா தன் முகமூடியைக் கழற்றினார். “கல்லு டாக்டர். கடல் கல்லு. தொட்டியில வச்சிருந்தோம். அதை அவிச்சோம்.”

“ஜமீலா...” என்றார் மைதீன்.

“பிள்ளை மூச்சுக்கு இழுத்துக்கிட்டுக் கிடக்கா. கேஸ் வந்தா வரட்டும். நான் போய் நிக்குதேன்.”

மருத்துவர் என் பக்கம் திரும்பினார். கைபேசியை நீட்டினேன். படத்தையும் எச்சரிக்கையையும் நின்றுகொண்டே படித்தார். “இதை நான் கேள்விப்பட்டதே இல்லை” என்று ஒளிக்காமல் சொன்னார். பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டு, யாரோ மூத்த மருத்துவரிடம் போனில் பேசினார். திரும்பி வந்தபோது அவருடைய நடை மாறியிருந்தது. இதற்கென்று தனி மாற்றுமருந்து கிடையாது என்றார். ஆனால் நிமோனியா என்று நினைத்து நுரையீரலை மட்டும் பார்த்திருப்பார்களாம், இனி இதயத்தையும் தசைகளையும் சேர்த்துக் கண்காணிக்க வேண்டும். சபீனாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியதும் ஜமீலா என் கையைப் பிடித்தார். நகம் பதிந்தது.

அப்போது அனிபா உள்ளே வந்தார். “மாமி, கவலைப்படாதிய. வீட்டைப் பத்தி நினைக்கவே வேண்டாம். நம்ம வீட்டுக்காரி போயிருக்கா. அடுக்களையக் கழுவி, அண்டாவத் தேய்ச்சுக் கவுத்து வச்சிருவா.”

“போன் போடுங்க, அண்டாவைத் தொட வேண்டாம்னு சொல்லுங்க!” என்று கத்தியே விட்டேன். அவர் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டார். இருவரும் ஆட்டோவுக்கு ஓடினோம். வழியெல்லாம் அவர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் போனை அழுத்திக்கொண்டே வந்தார். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினோமா, வேறு வழியில் போனோமா, எனக்கு ஒன்றும் தெரியாது.

மைதீன் வீட்டு வாசல்படியில் அனிபாவின் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காலிக் குடம்.

“ஏளா, அண்டாவத் தொட்டியா?” என்றார் அனிபா.

“எங்கன தொட? குழாயில சொட்டுத் தண்ணி வரல. காலையிலருந்து அடைச்சுப் போட்டிருக்கான். எல்லாம் அப்படியே கிடக்கு. போனு வீட்டுல இருக்கு. எதுக்கு இப்படி ஓடியாறிய?”

அனிபா படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். அவர் மனைவிக்கு எதுவும் புரியவில்லை.

எங்கள் இணையதளத்தின் மூத்த தன்னார்வலர் ஒருவரை அழைத்து என்ன செய்வதென்று கேட்டுக்கொண்டேன். கையுறை, முகமூடி, கண்ணாடி எல்லாம் அனிபா வாங்கிவந்தார். தெருக்காரர் ஒருவர் கிணற்றுத் தண்ணீர் கொடுத்தார். பிளீச்சிங் பவுடரை அதில் கரைத்து, கல்லும் அண்டாவும் மூழ்கும்படி ஊற்றி, யாரும் கிட்டே வராதபடி கொல்லையில் விட்டோம். பொழுது சாயும்போது மசூதியிலிருந்து பாங்கு ஒலித்தது. தெருவே வாசலில் நின்று எங்களைப் பார்த்தது. ஜமீலா எதற்குப் பயந்தாரோ அது நடந்துவிட்டது. ஆனால் யாரும் கேலியாக ஒன்றும் கேட்கவில்லை. “பிள்ளை எப்படி இருக்கு?” என்றுதான் கேட்டார்கள்.

அடுத்த நாள் சபீனா கண் திறக்கவில்லை. மூச்சுக்கு இயந்திரம் வைத்து, தூக்கத்துக்கு மருந்து கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். அந்த நாளைப் பற்றி எழுத எதுவும் இல்லை. வராந்தாவில் எனக்கும், காய்ச்சல் இறங்கி எழுந்து வந்திருந்த ஜமீலாவுக்கும் நடுவே பிரிக்காத இட்லிப் பொட்டலம் இருந்தது, அவ்வளவுதான்.

அதற்கும் மறுநாள் மருத்துவர் வெளியே வந்து, “இப்போ தானா மூச்சு விடறா. தண்ணி கேட்டா” என்றார். ஜமீலா அங்கேயே தரையில் அமர்ந்துவிட்டார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நான் ஊர் திரும்பும் நாளில் சபீனா சாதாரண அறைக்கு வந்திருந்தாள். குரல் இன்னும் தெளியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் மைதீன். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு மகளைப் பார்க்க வந்திருந்தார். கையேட்டுப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எடுக்கிற மனநிலையும் இல்லை.

சபீனாதான் கேட்டாள். “வாப்பா, அந்தக் கல்லு நம்ம வீட்டுல மட்டுந்தான் இருந்துச்சா?”

மைதீன் என் பக்கம் திரும்பினார். மெதுவாகச் சொன்னார். அந்தப் பொத்தான் படர்ந்த பாறையை அவர் உடைத்து, தன்னைப்போல உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கும் நண்பர்களுக்குப் பகிர்ந்திருக்கிறார். நாகர்கோவிலில் ஒருவர், தூத்துக்குடியில் ஒருவர், காயல்பட்டினத்தில் ஒருவர். மருத்துவக் கோப்பில் விஷயம் ஏறிவிட்டது, எப்போது வேண்டுமானாலும் விசாரணைக்கு யாராவது வரலாம். இப்போது போன் போட்டால், கொடுத்தவர் இவர்தான் என்று தாமே ஒப்புக்கொண்ட மாதிரி. அதெல்லாம் அவர் முகத்தில் ஓடியது. நானும் பயந்தேன். போடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“என் போன் எங்கன இருக்கு?” என்றார். ஜமீலா எடுத்துக் கொடுத்தார்.

காயல்பட்டினத்துக்காரர் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். ஒலிபெருக்கியில் அவர் குரல் உற்சாகமாக வந்தது. “சொல்லும்வே! நல்ல நேரத்துல கூப்பிட்டீரு. வீட்டுல விசேஷம் வருது, தொட்டியக் கழுவணும். அந்தக் கல்லுல இருக்கிறது போகவே மாட்டேங்குது. வென்னிய ஊத்தலாமா?”

மைதீன் போனை வாய்க்கு நெருக்கமாகப் பிடித்தார்.

“ஊத்தாதேயும்” என்றார் மைதீன். மூச்சு வாங்கியது. “கல்லத் தொடாதேயும். கையே வைக்கக் கூடாது. நான் ஆஸ்பத்திரியில இருந்து பேசுதேன். எம்மவ பொழைச்சது அல்லா காவல். தண்ணியோட அப்படியே கிடக்கட்டும். என்ன செய்யணும்னு இங்கன ஒரு அக்கா இருக்காக, சொல்லுவாக.”

“என்னவே சொல்லுதீரு? இது வெளிய தெரிஞ்சா?”

“தெரியட்டும். யாரு வந்து கேட்டாலும் என் பேரைச் சொல்லும்.”

போனை என் கையில் கொடுத்தார். நான் பேசி முடித்ததும் வாங்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நாகர்கோவில் எண்ணைத் தேட ஆரம்பித்தார்.